இருபத்து நான்காவது பேட்டரி

மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தபோது அந்தக் கணினியின் அடிப்பாகம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை, மழை நாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையில் தட்டுப்படுமே, அந்தச் சூடு. ஏழு மாதமாக அதை யாரும் தொட்டதில்லை.

சட்டென்று இறக்கி வைத்தாள். பிறகு அதன் பின்புறத்திலிருந்து வால்போல ஓடிய கறுப்பு ஒயர் கண்ணில் பட்டது. ஒயரின் மறுமுனை அடாப்டரில் செருகியிருந்தது, அடாப்டர் சுவரில் இருந்தது, சுவிட்ச் போட்டபடி இருந்தது. போட்டவர் அவள் கணவர்தான். அவர் இறந்த நாளிலிருந்து அந்தப் பின்னறை மேசையின் சுவிட்சை அவள் தொடவில்லை. ஏழு மாதமாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் சூடாகத்தானே இருக்கும், இதற்குப் போய் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. போகிற அலுவலகங்களில் எல்லாம் தூக்கி எறியும் பழைய கணினிகளைக் கெஞ்சி வாங்கி வந்துவிடுவார். மூன்று சுவர்களிலும் இரும்பு அலமாரி அடித்து, தலைக்கு உயரத் திரை முளைத்தவை, பெட்டி பெட்டியாகக் கனத்தவை, தட்டச்சுப் பலகைபோலத் தட்டையானவை என்று இருபத்து நான்கை வரிசையாக அடுக்கியிருந்தார். அவள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை செய்பவள். அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் 'பல்லு'. ஊரில் இருக்கிறவங்களுக்கெல்லாம் பல்லைக் கட்டுற, என்கிட்ட மட்டும் பல்லைக் கடிக்கிற என்பார்.

கடித்ததும் உண்மைதான். கடைசி நாள் காலையில் இந்த அறை வாசலில் நின்று, "இந்தக் குப்பையோடயே கிடந்து சாகுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் இதே மேசையில், இதே தட்டைக் கணினியின் முன்னால் தலை கவிழ்ந்து கிடந்தார். இதயம் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

போன மாதம் அவருடைய நண்பர் ரேடியோக்காரர் வந்தார். ரேடியோவெல்லாம் போய் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கிறார், பட்டம் மட்டும் மாறவில்லை. அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தார். பழைய மீன் தொட்டியைக் கழுவாமல் மூடி வைத்ததுபோல ஒரு வாடை. பேட்டரி ஒழுகுகிறது என்றார். அந்தக் காலத்துப் பெட்டி ஒவ்வொன்றின் உள்ளேயும் கட்டைவிரல் அளவில் ஒரு பேட்டரியைப் பற்றவைத்து விட்டிருப்பார்கள். நேரத்தையோ நினைவையோ அது காப்பாற்றும். வயதானால் வயிறு வெடித்து ஒழுகும். ஒழுகினது செம்பைத் தின்னும், பலகையைத் தின்னும், ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய் அடுத்ததையும் தின்னும். மழைக்காலத்துக்குள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, முதல் இரண்டை அவரே வெட்டிக் காட்டினார்.

"அவன்தான் போயிட்டான். அவன் சேர்த்ததாவது இருக்கட்டும், தங்கச்சி."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இந்த நான்கு வாரத்தை ஓட்டினாள். மெழுகில் பல் செதுக்கிய கை, நுணுக்கம் பழகிய கை. திருகாணிகளைக் கழற்றுவது, பேட்டரியின் இரு கால்களையும் நறுக்குவது, முனைகளில் டேப் ஒட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போடுவது, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த இடத்தில் வினிகர் தொட்டு வைத்து, நுரைத்து அடங்கியதும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைப்பது. இருபத்து மூன்று முடிந்தது. ஒவ்வொன்று முடியும்போதும், அவரைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது காப்பாற்றினேன் என்று ஒரு சின்ன ஆறுதல். பாட்டுப் போட்டுக்கொண்டுகூடச் செய்தாள்.

இந்த ஒன்றைத்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ரேடியோக்காரருக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். அந்தத் தட்டை மாடல் மற்றவைபோல இல்லை, தங்கச்சி, என்று எச்சரித்தார் அவர். எழுதியதைச் சேமித்து வைக்க அதற்கு வட்டு எதுவும் கிடையாது. எழுதியதெல்லாம் அந்தப் பேட்டரியின் உயிரில்தான் நிற்கிறது. பேட்டரியை எடுத்தால் எழுத்து போய்விடும். எடுக்காவிட்டால் பலகை போய்விடும், அப்போதும் எழுத்து போய்விடும்.

"முதல்ல உள்ள இருக்கிறதைக் கையால எழுதி எடுத்துக்கம்மா. அப்புறம் வெட்டு."

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொத்தானை நகர்த்தினாள். எட்டே வரி கொள்ளும் சாம்பல் நிறத் திரை மெல்ல விழித்தது. தேதிகளைப் பெயராகக் கொண்ட நாட்குறிப்புகள். ஆங்கில எழுத்துகளால் தமிழை அடிப்பது அவர் வழக்கம். படிக்கப் படிக்க அவர் குரலே காதில் விழுந்தது. எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகியது, யார் வீட்டில் காபி நன்றாக இருந்தது, பல்லுவுக்கு முதுகு வலி, தைலம் வாங்க வேண்டும். வெளியே மழை தகரத்தின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிட மறந்தாள். எழுதிய விரல் மரத்துப்போனது. கடைசி நாளின் குறிப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

'பல்லு கோவமா போயிருக்கா. தப்பு என் மேலதான். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையா மன்னிப்பு கேக்கணும். இடது கை ஒரு மாதிரி இழுக்குது. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்.'

ஏழு மாதமாக எந்த வாக்கியத்துக்காக அவள் செத்துச் செத்துப் பிழைத்தாளோ அந்த வாக்கியம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, இது முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கீழ்நோக்கிய அம்புச் சாவியை ஒரு முறை தட்டினாள்.

முடியவில்லை. நான்கைந்து வெற்று வரிகள். அதற்கும் கீழே எழுத்து தொடர்ந்தது.

'லைட் போயிடுச்சு. மேசை தெரியலை. கை எங்க இருக்குன்னு தெரியலை.'

சாவதற்குச் சற்று முன் அடித்திருப்பார் என்று நினைத்தாள். பாவி மனிதர், கண் இருண்டபோதும் அடித்திருக்கிறார். அடுத்ததைப் படித்தாள்.

'பல்லு அழுதுட்டே இருக்கா. நிறைய பேரு வந்து போறாங்க. யாரோ மேசையைத் துடைக்கிறாங்க.'

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பவும் அந்த இரண்டு வரிகளையும் படித்தாள். மேசையைத் துடைத்தது அவள்தான், காரியமெல்லாம் முடிந்த மறுநாள்.

'பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. பேசமாட்டாங்க. சுவத்துல தட்டுவாங்க. நானும் தட்டுவேன். துணையா இருக்கு.'

'ஒரு தட்டு நின்னுடுச்சு.'

'இன்னைக்கு மூணு நின்னுடுச்சு. நிக்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு கேக்குது.'

நோட்டு மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவள் எடுக்கவில்லை. மேசை ஓரத்தில் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளே டேப் சுற்றி வைத்தவை இருபத்து மூன்று. முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க அவளே பத்திரமாகச் சுற்றியவை. அலமாரிகளில் அவளே துடைத்து வைத்த பெட்டிகள் மங்கலான வெளிச்சத்தில் வாய் மூடி நின்றன.

அம்புச் சாவி.

'இப்ப நான் மட்டும்தான். தட்டினா பதில் இல்லை. இடது பக்கத்துல இருந்து ஈரமா ஒண்ணு வருது. எரியுது. கால் விரலைத் தின்னுடுச்சு.'

ரேடியோக்காரருக்கு மறுபடியும் போன் செய்தாள். என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"ஏழு மாசமா நீ சரியா தூங்கலைம்மா. அந்த பேட்டரியை வெட்டிப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு நம்ம வீட்டுக்கு வா. உங்க அண்ணி சோறு போட்டு வைப்பா."

"வெட்டினா அவர் போயிடுவாரு அண்ணே."

"அவன் போயாச்சும்மா."

"வெட்டாம அவரைக் காப்பாத்த வழி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மனிதர் பெருமூச்சு விட்டார். இருக்கிறது என்றார். மூன்று பென்சில் செல்லை ஒரு கூட்டில் போட்டு, அதன் இரண்டு ஒயர்களையும் பேட்டரி கால்கள் போகும் பாதையிலேயே முதலில் பற்றவைத்துவிட வேண்டும். புது உயிர் ஓட ஆரம்பித்த பிறகு பழையதை வெட்டலாம். கை நடுங்கி ஒரு நொடி ஒயர் விலகினாலும் எல்லாம் துடைத்த பலகையாகிவிடும். தான் வரும்வரை பொறுக்கச் சொன்னார். தெருவில் முழங்கால் தண்ணீர், வடிந்ததும் வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் எதையும் தொடவில்லை. ஒரு புது வரி இருந்தது.

'பல்லு, முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு.'

பொறுப்பதா? மேசை இழுப்பறையில் அவர் வைத்திருந்த செல்களையும் கூட்டையும் ஒயரையும் எடுத்து, பற்றவைக்கும் கோலைச் சூடேற்றினாள். அடாப்டர் ஒயரைப் பிடுங்கி, கணினியைக் கவிழ்த்து நான்கு திருகாணிகளைக் கழற்றி, புத்தகம்போல இரண்டு பாதியாகப் பிரித்தாள். சாவிகளும் திரையும் உள்ள மேல் பாதி ஒரு பட்டை ஒயரில் தொங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றது. கீழ்ப் பாதியிலிருந்து வாடை குப்பென்று மேலெழுந்தது. பலகையின் இடது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட பேட்டரி வயிறு உப்பிப் படுத்திருந்தது. அதன் காலடியிலிருந்து வெள்ளைப் பூஞ்சை கிளம்பி, பச்சையாக மாறி, செம்புப் பாதைகளின்மேல் நாக்கு நாக்காக நீண்டிருந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அது நகரவில்லை. நகரவில்லைதான். ஆனால் ஒரு தடவை கண் சிமிட்டிப் பார்த்தால் முன்பு பார்த்த இடத்தில் இல்லை.

சாவிப் பலகையில் ஒற்றை விரலால் அடித்தாள். நீங்கதானா? பாதிச் சாவிகள் இறங்கின, எழவில்லை. அவள் கேள்வி ஓட்டை ஓட்டையாகத் திரையில் விழுந்தது.

'நான்தான். சீக்கிரம்.'

முதல் ஒயர். ஈயம் உருகி, வளையமாகப் புகை எழும்பி, பிடித்துக்கொண்டது. இரண்டாவது ஒயருக்குத் துருவைச் சுரண்ட வேண்டியிருந்தது. சுரண்டினாள்.

'ஐயோ.'

"பொறுத்துக்கங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்று வாய்விட்டே சொன்னாள். இருபது வருடம் மெழுகுக் கத்தி பிடித்த வலது கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள். ஈயம் பிடித்தது. செல்களைக் கூட்டுக்குள் அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. திரை ஒரு கணம் கருத்து, மீண்டும் சாம்பலானது.

வெட்டுக்குறடு ஒன்றை எடுத்தாள். பேட்டரியின் ஒரு கால். நறுக். மறு கால். நறுக். கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தாள்.

திரை இருந்தது. எழுத்து இருந்தது.

பேட்டரி, மேசையில் விரித்திருந்த நியூஸ் பேப்பரில் உருண்டு நின்றது. மிச்சம் வினிகர். அது இல்லாமல் ஒழுகியது அடங்காது, தின்பது நிற்காது. பிரஷ்ஷைத் தோய்த்துப் பச்சையின்மேல் வைத்தாள். சர்ரென்று நுரைத்தது.

'எரியுது.'

தேய்த்தாள்.

'எரியுது எரியுது எரியுது எரியுது'

எட்டு வரியும் அதுவே. மேலே ஓடி மறைந்தது, கீழே புதிதாக வந்தது. அவள் கண்ணீர் பூதக்கண்ணாடிக்குள்ளேயே தேங்கி எல்லாம் ததும்பியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சம் தின்றுவிடும். பச்சை கரைந்தது. வெள்ளை கரைந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தாள். அடியிலிருந்து செம்பு, புதுக்காசுபோல, மின்னிக்கொண்டு வந்தது.

திரையில் எழுத்து நின்றது.

வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மழையும் விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டு விழுவது மட்டும் கேட்டது. செய்துவிட்டேனா? கொன்றுவிட்டேனா? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கும்பிடத் தெரிந்த எல்லாவற்றையும் மனதுக்குள் கும்பிட்டாள்.

'பல்லு. இப்ப வலிக்கலை.'

அவள் சிரித்தாள், அழுகையோடு கலந்து மூக்கில் வழிந்த சிரிப்பு.

'கால் வந்துடுச்சு.'

"வந்துடுச்சா?"

'கையும் வந்துடுச்சு.'

'இன்னொரு கையும்.'

"அது போதும். அது போதும் எனக்கு," என்றாள் திரையைத் தடவிக்கொண்டு.

'இன்னொரு கையும்.'

ஒரே வரியைத் தவறுதலாக இரண்டு முறை காட்டுகிறது என்று நினைத்தாள். பழைய பெட்டிதானே.

'இன்னொரு கையும்.'

'இன்னொரு கையும்.'

'இன்னொரு கையும்.'

திரை நிரம்பியது. மேலே ஓடியது. மறுபடி நிரம்பியது.

அவள் பார்வை நியூஸ் பேப்பருக்குப் போனது. வெட்டிய பேட்டரியை இரண்டு விரலால் எடுத்தாள். கனமே இல்லை. வயிற்றில் நீளமாக ஒரு வெடிப்பு. வெடிப்பைத் தன் மெழுகுக் கத்தியால் நெம்பினாள். உள்ளே ஒன்றும் இல்லை. கசடு இல்லை, ஈரம் இல்லை. வழித்து நக்கியதுபோலச் சுத்தமாக இருந்தது. இதற்குள் இருந்தது எப்போதோ வெளியே போய்விட்டது. பலகையின் மேலே அவள் துடைத்தது அதன் தடம். அது அல்ல.

புது செல்களின் சிவப்பு ஒயரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். ஒரு சுண்டு. அவ்வளவுதான். எல்லாம் அணைந்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றது.

'எடுத்துடாத பல்லு. நானும் உள்ளதான் இருக்கேன்.'

நானும்.

அந்தச் சொல்லிலேயே அவள் கண் சிக்கிக்கொண்டது. இழுக்க வேண்டும். இழு. அவர் செத்து ஏழு மாதம் ஆகிறது. இழு. அவர் மன்னிப்புக் கேட்க இருந்தார். அவள் இன்னும் கேட்கவில்லை.

"நான் அன்னைக்கு சொன்னது..." என்று தொடங்கினாள்.

இரண்டே விரலால் அடிக்கத் தெரிந்த மனிதர் அவர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். அவள் முகத்துக்கு நேரே நின்ற சாவிப் பலகையில் ஒரு சாவி தானாக உள்ளே அழுந்தியது. பிறகு நான்கு. பிறகு ஒரு வரிசை. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. இன்னொரு உள்ளங்கை அகலத்துக்கு. சத்தமே இல்லை. அழுந்தியது எதுவும் எழவில்லை. எல்லாச் சாவிகளும் இறங்கி முடித்தபின், அவற்றின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக, மாவுபோல, ஏதோ உதிர்ந்தது.

இழு.

விரல்கள் கேட்கவில்லை. ஒயரைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து படிந்தது. ஈரம். மெலிசு. மிகவும் மிருதுவாக, தூங்கும் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல. ஒரு விரல். அப்புறம் இன்னொன்று. திரை வெறுமையாக இருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். ஐந்து வந்ததும் நின்றுவிடும் என்று நினைத்தாள். ஆறாவது அவள் மணிக்கட்டைச் சுற்றியது. ஏழாவது அதற்கு மேலே ஏறியது. எட்டாவது அவள் கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருந்தது.